மாமி உயிரோடிருக்க மழித்த மீசை

என் கணவரின் குறட்டை எங்கள் தீவுக் கிராமமான மண்கும்பானில் எல்லோருக்கும் தெரிந்த விடயம். மத்தியானத்தில் எங்கள் வீட்டைக் கடந்து கடற்கரைக்குப் போகிறவர்கள், “முதலாளி நல்ல நித்திரை போலை” என்று வேலிக்கு அப்பால் சிரித்துக்கொண்டு போவார்கள். குறட்டை விடுகிற ஆண்பிள்ளை கவலையில்லாதவன், நல்ல உடம்புக்காரன் என்பது எங்கள் பக்கத்து நினைப்பு. கலியாணம் முடித்த புதிதில் எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. இப்போது யாராவது தன் புருஷனின் குறட்டையைப் பெருமையாகச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அவர் பிறந்தது நெடுந்தீவில். சின்ன வயதிலேயே தெற்கில் ஒரு பட்டினத்துக்குப் போய், கடைச் சிப்பந்தியாக இருந்து, பிறகு தனக்கென்று ஒரு பலசரக்குக் கடை வைத்தவர். கடைக்கு ஒரு பெயர்ப்பலகை இருந்தது. ஆனால் அங்கத்தைய சனங்கள் அதை வாசித்ததில்லை. ‘மீசை முதலாளி கடை’ என்றுதான் சொல்வார்கள். அப்படி ஒரு மீசை. மேல் உதட்டை முழுவதும் மூடி, இரண்டு கன்னத்திலும் ஏறி நிற்கும். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் கடை எரிந்து, கப்பலில் ஏறி, உடுத்த உடுப்போடு ஊருக்கு வந்து சேர்ந்தபோது அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, “கடை போச்சு. மீசை மிஞ்சினது” என்பதுதான். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

அதற்குப் பிறகு அவர் என் வீட்டோடு இருந்தார். வளவில் வெங்காயமும் மிளகாயும் வைத்தார். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தேன். பிள்ளைகள் இருவரும் யாழ்ப்பாணத்தில் விடுதியில் இருந்து படித்தார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் குறட்டையும்தான்.

வருத்தம் மெல்ல மெல்லத்தான் வந்தது. முதலில் கால் வீங்கியது. செருப்பு இறுகியது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போனவர் பாதியில் வந்து விறாந்தையில் குந்தினார். பிறகு மல்லாந்து படுக்க முடியாமல் போனது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றாகி, கடைசியில் சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்தபடி கண்ணயர்ந்தார். யாழ்ப்பாணத்தில் காட்டினோம். இருதயம் களைத்துப்போயிருக்கிறது, இரத்தத்தைத் தள்ளுகிற சக்தி குறைந்துவிட்டது என்று சொல்லி, தண்ணீர் போவதற்குக் குளிசை தந்தார்கள். உப்பையும் கருவாட்டையும் நிறுத்தச் சொன்னார்கள். தீவில் பிறந்த மனிதனிடம் கருவாட்டை நிறுத்தச் சொன்னால் அவர் எப்படி இருப்பார் என்று நான் விளக்கத் தேவையில்லை.

கால் வற்றியது. ஆனால் களைப்புப் போகவில்லை. பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கும். அப்போதுதான் நான் அந்தக் குறட்டையைக் கவனமாகக் கேட்கத் தொடங்கினேன். அது ஏறும், ஏறும், ஓரிடத்தில் சட்டென்று நிற்கும். பிறகு ஒரு சத்தமும் இல்லை. நெஞ்சு எழும்புவதில்லை. நான் எண்ணத் தொடங்கி, எண்ணுவதற்குப் பயந்து விட்டுவிடுவேன். பிறகு ஒரு பெரிய இழுப்போடு, தண்ணீருக்குள் அமுங்கியவர் மேலே வருவதுபோல அவர் மூச்செடுப்பார். திரும்பவும் குறட்டை. திரும்பவும் நிற்கும்.

அன்றிலிருந்து நான் நித்திரையை மறந்தேன். குறட்டை நின்றால் தோளில் தட்டுவேன்; மூச்சு வரும். தட்டுகிற வேலையைச் செய்ய வீட்டில் வேறு ஆளில்லை. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போய் மேசையில் தலையை வைத்தேன் என்றால் அவ்வளவுதான். என் வகுப்புப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். “ரீச்சர் நித்திரை, கத்தாதேங்கோ” என்று ஒருவருக்கொருவர் சொல்லி, சிலேற்றில் படம் கீறிக்கொண்டிருப்பார்கள். பள்ளிக்கூட அதிபர் ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட நித்திரை பெரிதாக இருந்தது.

எண்பத்தெட்டில், சண்டை ஓய்ந்து ரயில் ஓடிய ஒரு இடைவெளியில், அவரைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு வைத்தியர், வெளிநாட்டில் படித்து வந்தவர், அவரைப் பார்ப்பதற்கு முன் என்னைத்தான் கேள்வி கேட்டார். குறட்டை எப்படி, எங்கே நிற்கிறது, நான் தட்டாவிட்டால் என்ன நடக்கிறது. தட்டாமல் விட்டுப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை என்றேன். அவர் தலையாட்டினார். இருதயம் பலவீனமான பலருக்கு நித்திரையில் இப்படி மூச்சு நிற்கிறது, நிற்கிற ஒவ்வொரு தடவையும் களைத்த இருதயத்துக்கு மேலும் அடி விழுகிறது என்று விளங்கப்படுத்தினார். மூக்கில் ஒரு மூடியைப் போட்டு, மெல்லிய அழுத்தத்தோடு காற்றைக் கொடுத்துக்கொண்டிருந்தால் தொண்டை அடைபடாது, இருதயத்துக்கும் பாரம் குறையும் என்றார். அதற்கு மெசின் இருக்கிறது, ஆனால் இங்கே எடுப்பது கஷ்டம்.

“லண்டனிலை என்ரை தம்பி இருக்கிறான்” என்றேன்.

“அப்ப அவருக்கு எழுதுங்கோ. எப்பிடிப்பட்ட மெசின் எண்டு நான் குறிச்சுத் தாறன். ஆனால் ஒண்டு, இது வருத்தத்தை அடியோடை மாத்தாது. குளிசையும் நிப்பாட்டேலாது, உப்பும் சேர்க்கேலாது. நித்திரையைச் சரியாக்கும். நித்திரை சரியானால் இருதயத்துக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும்.”

ஆறுதல் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அந்த மேசையிலேயே தலையை வைத்துப் படுக்க வேண்டும் போல இருந்தது.

தம்பி மெசினை அனுப்பினான். ஊருக்கு வந்த ஒரு உறவுக்காரர் அதைத் துணிகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். வழியில் இருந்த காவலரண்களில், சென்றிக்குச் சென்றி பெட்டியைத் திறக்க வைத்தார்களாம். மோட்டார் வைத்த பெட்டி, நீளக் குழாய், பட்டி போட்ட மூடி. பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? கடைசியில் மண்டைதீவுச் சந்தியில் அந்த மனிதர் மூடியைத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு, தரையில் படுத்துக் கண்ணை மூடி, குறட்டை விட்டுக் காட்டியிருக்கிறார். சென்றியில் நின்றவர்கள் சிரித்துப்போட்டு அவரைப் போக விட்டார்களாம். எங்கள் வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் சாமான் சவர்க்காரம். தெருப்புழுதி அவ்வளவும் அவர் முதுகில்தான்.

ஊரில் கறன்ற் அந்த நாட்களில் வந்து வந்து போகும். இரவில் நம்ப ஏலாது. மத்தியானத்தில்தான் ஓரளவு நின்று பிடிக்கும். அதனால் அவருடைய நல்ல நித்திரையை மத்தியானத்துக்கு மாற்றினோம். முதல் நாள் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார். நான் மூடியை மூக்கின்மேல் வைத்துப் பட்டியை இறுக்கினேன். குழாய் மூக்கிலிருந்து நெஞ்சில் இறங்கி, வயிற்றைக் கடந்து தொங்கியது. அவர் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

“பிள்ளையார்” என்றார். “ஒரு மோதகம் தாரும்.”

நான் மெசினைப் போட்டேன். உடனே வீடு முழுவதும் ஒரு விசில் சத்தம். மூடி மேல் உதட்டில் பொருந்த வேண்டிய இடத்தில் அந்தப் பெரிய மீசை இருந்தது. காற்று மூக்குக்குள் போகாமல் மீசை வழியாக வெளியே வந்து, மயிரை எல்லாம் படபடவென்று ஆட்டியது. பட்டியை இன்னும் இறுக்கினேன். விசிலின் சுருதி ஏறியதே தவிர நிற்கவில்லை. அவர் கண்ணயர்ந்ததும் பழைய கதைதான். மெசின் ஒரு பக்கம் ஊதுகிறது, இவருடைய மூச்சு மறுபக்கம் நிற்கிறது, நான் நடுவில் நின்று தோளில் தட்டுகிறேன்.

நான் லேசில் விடுகிறவள் இல்லை. மீசைக்கு வசிலீன் பூசிப் பார்த்தேன். ஆமணக்கெண்ணெய் பூசி அமத்தி வாரிப் பார்த்தேன். பிளாஸ்ரர் ஒட்டினேன்; அதைக் கழற்றும்போது அவர் போட்ட சத்தம் அடுத்த வளவுக்குக் கேட்டது. நெற்றியில் பூசுகிற சந்தனத்தைக் குழைத்து அப்பிப் பார்த்தேன். அது காய்ந்து மெசினின் காற்றில் பறந்து என் கண்ணில் விழுந்தது. பெட்டிக்குள் ஒரு ஆங்கிலப் புத்தகம் இருந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரர் மூடியைப் போட்டுக்கொண்டு சுகமாக நித்திரை கொள்கிற படம். அந்தப் படத்தை நான் அவருக்கு முன்னால் நீட்டினேன்.

“இந்த மனிசனுக்கு மீசை இல்லை, பாத்தீங்களோ?”

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அந்தாளுக்குத் தாய் இல்லை போலை” என்றார்.

இதை விளங்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் மீசை வைத்த ஆண்பிள்ளை அதை மழிப்பது தாயோ தகப்பனோ செத்தால்தான். கொள்ளி வைக்கிறவன் அன்று மழிப்பான். இவருடைய தகப்பன் செத்த அன்று மழித்திருக்கிறார். அந்தக் கோலத்தில் நான் அவரைப் பார்த்தது அந்த ஒரு முறைதான். பிறகு வளர்ந்துவிட்டது. அடுத்த முறை மழிப்பது தாய்க்கு. தாய் நெடுந்தீவில் திடமாக நடமாடிக்கொண்டிருக்கும்போது மகன் மீசையை எடுப்பது என்றால், தாயைச் சாகச் சொல்லி விரும்பிக் கூப்பிடுவதற்குச் சமம். யாரும் இதை எழுதி வைத்ததில்லை. ஆனால் எங்கள் தீவுகளில் இதைத் தெரியாத ஆள் இல்லை.

“அம்மா இருக்கேக்கை நான் இதிலை கை வைக்க மாட்டன்” என்றார். “நீர் என்னை என்ன வேணுமெண்டாலும் சொல்லும். இது மட்டும் ஏலாது.”

நான் சொல்லாததில்லை. காற்று மெசின் கடலைக் கடந்து வந்து கட்டிலடியில் கிடக்கிறது, நீங்கள் மீசைக்காகச் செத்துப்போகப் போகிறீர்கள், உங்கள் அம்மா உங்களுக்கு முன்னால் சாக வேண்டும் என்று நான் கந்தசாமிக்கு நேர்த்தி வைக்கவா என்று கத்தினேன். கடைசியாகச் சொன்னது கூடிப்போய்விட்டது. அவர் எழும்பிப் போய்ச் சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்தார். கால் திரும்பவும் வீங்கத் தொடங்கியிருந்தது. நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன். அந்த மனிதன் மீசைப் பெருமையில் பிடிவாதம் பிடிக்கவில்லை, தாய்மேல் உள்ள பாசத்தில் பிடிக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கோபமும் கூடியது.

அடுத்த சனிக்கிழமை, அடுத்த வீட்டுக்காரியை அவருக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு, நான் தனியே நெடுந்தீவுக்கு வெளிக்கிட்டேன்.

எனக்கும் அவருடைய தாயான மாமிக்கும் பல வருடமாகப் பேச்சில்லை. மூத்த பிள்ளை பிறந்தபோது மாமி, பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சிக் கொடுக்கத் தன் கையால் இடித்த சரக்குத்தூளோடு கடல் கடந்து வந்திருந்தார். என் அம்மா தான் இடித்த சரக்கைத்தான் எனக்குக் காய்ச்சித் தந்தார். மாமி தன் பொட்டலத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு அடுத்த வள்ளத்தில் போனவர்தான். அதற்குப் பிறகு மகன் போய்ப் பார்ப்பார், பிள்ளைகள் போவார்கள், நான் போவதில்லை. இவ்வளவு அற்ப விடயத்துக்கு இவ்வளவு நீண்ட கோபத்தைக் கொண்டாட எங்கள் ஆட்களால்தான் முடியும்.

குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறினேன். கச்சான் காற்றில் கடல் கொந்தளித்தது. பாதிக் கடலில் என் வயிறு கலங்கி, பக்கத்தில் இருந்த ஒரு அம்மா தந்த தேசிக்காயின் புளிப்பு வாசத்தை மோந்துகொண்டு போய்ச் சேர்ந்தேன். கல்வேலிகளுக்கு நடுவே நடக்கும்போது, மாமியிடம் என்னவென்று கேட்பது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். ‘மாமி, நீங்கள் செத்ததாக நினைத்து உங்கள் மகன் மழிக்கலாமா?’ இதை எந்த மரியாதையில் கேட்பது? நல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை.

மாமி மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். வேலிப் படலையில் என்னைத் தனியே கண்டதும் வாளியைக் கீழே வைத்தார். முகம் வெளிறிப்போனது.

“ஆர் செத்தது?”

“ஒருத்தரும் சாகேல்லை, மாமி.”

“அப்ப ஏன் வந்தனீர்?”

நான் நின்ற இடத்தில் நின்று முழுவதையும் கொட்டினேன். குறட்டை, மூச்சு நிற்பது, வைத்தியர், மெசின், விசில், மீசை. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. மாமி மாடு குடித்து முடிக்கும்வரை அதன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“மூச்சு நிண்டால் நீர் என்ன செய்வீர்?”

“தட்டுவன்.”

“ஒவ்வொருக்காலுமோ?”

“ஓம் மாமி.”

“அப்ப உமக்கு நித்திரை?”

இந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. என் அம்மாகூடக் கேட்கவில்லை. மாமி என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். சீலை இரண்டும் வெற்றிலைப் பையும் வைத்துக் கட்டிய ஒரு மூட்டையோடு வெளியே வந்தார். மாட்டைப் பக்கத்து வளவுக்காரரிடம் ஒப்படைத்தார். பின்னேர வள்ளத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஏறினோம். வழி முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் என் வயிறு கலங்கியபோது, கேட்காமலே தன் பையைத் துழாவி, ஒரு வேர்க்கொம்புச் சுக்குத் துண்டை என் கையில் வைத்தார்.

தாயைக் கண்டதும் என் கணவர் கதிரையிலிருந்து எழும்ப முயன்றார். என்னைப் பார்த்த பார்வையில் இருந்த கோபத்தை நான் கவனிக்காத மாதிரி நின்றேன். மாமி அவருக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வீங்கிய காலைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். குழி விழுந்து அப்படியே நின்றது.

“மோனை, நான் செத்தால் ஆர் எனக்காக மழிக்கிறது?”

“நான்தானம்மா.”

“அதுக்கு நீ இருக்க வேணுமெல்லோ?”

அவருடைய கை மீசைக்குப் போனது.

“நீ எனக்கு முன்னம் போனால், ஆர் எனக்குக் கொள்ளி வைக்கிறது? அந்த மீசையோ வந்து வைக்கும்?”

“ஊர் என்ன சொல்லும், அம்மா?”

“நான் செத்துப்போனன் எண்டு சொல்லும். சொல்லட்டும். நான் இஞ்சை இருந்து சோறு தின்னுறதை வந்து பாத்திட்டுப் போகட்டும்.”

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கடை எரிந்து வந்தபோதுகூட அவர் அப்படி அழுததை நான் காணவில்லை. மாமி அழவில்லை. மீசை நனைகிறது, நாளைக்கு மழிக்கச் சுகமாக இருக்கும் என்றார். அன்றைக்குத்தான் இந்த மனுசியை எனக்குப் பிடித்தது.

அடுத்தநாள் விடியச் சலூன்காரர் சைக்கிளில் வந்தார். பெட்டியைத் திறந்து துணியைப் போர்த்தும்வரை தலைமயிர் வெட்டத்தான் கூப்பிட்டது என்று நினைத்திருந்தார். விடயத்தைச் சொன்னதும் கத்தியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

“அண்ணை, குறை நினையாதேங்கோ. தாய் உயிரோடை இருக்கிற ஆளின்ரை மீசையிலை நான் கை வைக்க மாட்டன். எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு.”

“அந்தத் தாய் நான்தான்” என்றார் மாமி, கதவடியில் நின்று. “வையும் கையை.”

அந்த மனிதர் மாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் கத்தியை எடுத்தார். முதலில் கத்தரிக்கோலால் வெட்டி, பிறகு சவர்க்காரம் பூசி மழித்தார். மாமி நேரெதிரே உட்கார்ந்து இமை வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்து துணியால் துடைத்ததும், மேல் உதட்டில் ஒரு பழைய வெள்ளைத் தழும்பு தெரிந்தது. தகப்பன் செத்த அன்றைய அழுகைக்குள் நான் அதைக் கவனித்திருக்கவில்லை. மாமி எழும்பிப் போய் விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார். சின்னப் பிள்ளையில் கல்வேலியில் ஏறி விழுந்த காயமாம். அதை மறைக்கத்தான் அவர் மீசை வைத்தவர் என்று சொல்லி, மாமி முதல் தடவையாகச் சிரித்தார்.

மாமி சொன்னபடியே ஊர் செய்தது. அவர் காற்று வாங்கப் படலைவரை போய் நின்றிருக்கிறார். சைக்கிளில் வந்த ஒருவர் அந்த முகத்தைக் கண்டதும் இறங்கி, தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் தலையைக் குனிந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறார். அதற்குப் பிறகு செய்திக்குக் கால் முளைத்துவிட்டது. மத்தியானத்துக்கு முன்னமே நாலைந்து பெண்கள் எங்கள் முற்றத்துக்குள் வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்கள். ஒருத்தி ஒப்பாரியை எடுத்தே விட்டாள். அவர்களுடைய பிடியிலிருந்து விடுபட்டு நான் விளக்கம் சொல்வதற்குள், மாமி குசினியிலிருந்து சோற்றுக் கோப்பையோடு வெளியே வந்தார். ஒப்பாரி பாதியில் நின்றது.

“ஓம், செத்தவ நான்தான்” என்றார் மாமி. “இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”

அவர்களுக்கு மெசினைக் காட்டினோம். அந்த மூடி எங்கே இருக்க வேண்டும், மீசை எப்படி மறித்தது என்று மாமியே விளக்கினார். நெடுந்தீவிலிருந்து வந்து ஒரு இரவுதான் ஆகியிருந்தது. ஆனால் லண்டனில் அந்த மெசினைச் செய்ததே தான்தான் என்ற மாதிரிக் கதைத்தார். போகும்போது ஒருத்தி என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், தன் புருஷனும் இப்படித்தான் குறட்டை விட்டு விட்டு நிறுத்துகிறார், அது கூடாதா என்று கேட்டாள். கூடாது, கெதியாகக் கொண்டுபோய்க் காட்டு என்றேன்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல எனக்கு வேறொன்று இருக்கிறது. தொண்ணூறில் திரும்பவும் சண்டை தொடங்கி, கறன்ற் ஒரேயடியாக நின்று, தீவிலும் இருக்க முடியாமல் போனபோது, நாங்கள் மெசினை மடியில் வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போனோம். மாமியும் எங்களோடுதான் வந்தார். இவருடைய இருதயம் பழையபடி வரவில்லை; அந்த வைத்தியர் சொன்னது சரிதான். ஆனால் கால் வற்றியது, மாடிப்படி ஏறினார், மூத்தவளின் கலியாணத்தில் மாப்பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டி வந்தார். மாமிக்குக் கொள்ளி வைத்ததும் அவர்தான்.

அந்த மழித்த நாளுக்கு வருகிறேன். துக்கம் கேட்க வந்தவர்கள் போன பிறகு சாப்பிட்டோம். கறன்ற் இருந்தது. அவர் கட்டிலில் சாய்ந்தார். நான் மூடியை வைத்துப் பட்டியைப் போட்டு மெசினைத் தொடக்கினேன். விசில் இல்லை. மெசினின் ஒரு மெல்லிய இரைச்சல் மட்டும். அவர் கண் மூடியது. நானும் மாமியும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். குறட்டை வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் மாமிக்குப் பயம் பிடித்துவிட்டது. பிள்ளையாக இருந்த நாளிலிருந்து மகன் சத்தமில்லாமல் நித்திரை கொண்டதை அவர் கண்டதில்லை. சட்டென்று எழும்பி அவரைப் பிடித்து உலுக்கினார். அவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து, மூடியைப் போட்டபடியே, “என்னம்மா?” என்றார்.

“ஒண்டுமில்லை. நீ படு.”

அவர் திரும்பவும் படுத்தார். நான் மாமியின் கையை எடுத்து அவருடைய நெஞ்சில் வைத்தேன். எழும்பியது, தணிந்தது. எழும்பியது, தணிந்தது. நிற்குமென்று நான் பழக்கத்தில் காத்திருந்த இடத்தில் அது நிற்கவில்லை. மாமி அந்தக் கையை எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

“நீ போய்ப் படு, பிள்ளை. நான் பாத்துக்கொள்ளுறன்.”

நான் மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கொட்டாவிதான் வந்தது. பக்கத்து அறையில் பாயைக்கூட விரிக்காமல் வெறும் சீமெந்தில் சரிந்தேன்.

கண் விழித்தபோது பொழுதுபட்டிருந்தது. முதலில் எனக்கு நான் எங்கே இருக்கிறேன் என்பதே தெரியவில்லை. பிறகு நினைவு வந்தது. இவ்வளவு நேரமாக நான் அவருடைய தோளில் தட்டவில்லை. வீட்டுக்குள் பெரிய குறட்டைச் சத்தம் கேட்டது. மெசின் நின்றுபோயிற்று, மூடி கழன்றுவிட்டது என்று நினைத்து ஓடினேன். மெசின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் மூடியோடு அசையாமல் படுத்திருந்தார். நெஞ்சு ஒழுங்காக எழும்பித் தணிந்தது. காவலிருக்க ஒப்புக்கொண்ட மாமிதான் கதிரையில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து, மகனைவிடப் பலமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

நான் மாமியின் மூச்சையும் நின்று கேட்டேன். அது நிற்கவில்லை. இரண்டு பேரையும் எழுப்பாமல் விட்டுவிட்டு, திரும்பிப் போய், இந்தமுறை பாயை விரித்துப் படுத்தேன்.